முகம் கீழே வைத்த செங்கல்

அரஹ்சம்னா மாதம், 3. மாமன்னரின் ஒன்பதாம் ஆண்டு.

வாய்க்காலில் நீர்மட்டம்: கணுக்கால். காற்று வடக்கிலிருந்து. சந்தையில் பார்லி விலை நேற்றையதைவிட அதிகம். நாளைக்கு இன்னும் ஏறும்.

வாய்க்கால் அலுவலகத்துக்கு இவ்வளவு போதும். முன்பு அப்பா எழுதினார். கை நடுங்க ஆரம்பித்ததும் அவர் சொல்ல நான் எழுதினேன். அவர் போன பிறகும் அலுவலகத்திலிருந்து எழுதுவதற்குக் களிமண் வந்துகொண்டிருக்கிறது, நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுவது ஒரு பெண் என்று அங்கே தெரியாதா, தெரிந்தும் கண்டுகொள்ளவில்லையா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. மிஞ்சுகிற மண்ணில் இன்னொரு பலகை தட்டி எனக்கென்று எழுதிக்கொள்கிறேன். மண்ணை வீணாக்கக் கூடாது.

இது விதைக்கிற காலம். தண்ணீர் இடுப்பளவு வர வேண்டும். ஆனால் ஆளுநரின் பண்ணைக் காரியக்காரன் எங்கள் ஊர் மதகை அடைத்துப் பூட்டிக் காவல் போட்டுவிட்டு, தண்ணீர் மொத்தத்தையும் ஆளுநரின் பேரீச்சந்தோப்புக்குத் திருப்பிவிட்டான். எங்கள் ஊர் கார்-ஏயா. ஏயா சாமியின் படித்துறை என்று பொருள். தண்ணீருக்கே அதிபதியான சாமி. அவர் கோயில் குளத்தில் இப்போது சேறுதான் இருக்கிறது.

ரிமூத் சாப்பிடாமல் எழுந்து போனார். ரிமூத் என் கணவர், தூர் வாரும் ஆட்களுக்கு மேஸ்திரி. அவர் சாப்பிடாமல் எழுந்தால் ஊரில் ஏதோ உடையப்போகிறது என்று அர்த்தம்.

அரஹ்சம்னா, 5. மாமன்னரின் ஒன்பதாம் ஆண்டு.

உடைந்தது மதகு.

விடிந்ததும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கடப்பாரையோடு போயிருக்கிறார். காவலர்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஓடிவிட்டார்கள். காரியக்காரன் அவர்களுக்கும் முன்னால் ஓடினான். ஓடுகிற அவசரத்திலும் பண்ணைக் களஞ்சியத்து நல்ல சாமான்களை வண்டியில் ஏற்ற மறக்கவில்லையாம். இனி அவன் எங்கள் முகத்திலும் விழிக்க முடியாது, ஆளுநர் முகத்திலும் விழிக்க முடியாது.

தண்ணீர் வந்தது. நான் கரையில் நின்று பார்த்தேன். அலுவலகக் குறிப்புக்காகத்தான் பார்த்தேன். நீர்மட்டம்: முழங்கால்.

மதியம் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. என் அண்ணன் லபாஷி கோயிலில் வானம் பார்த்துக் குறிப்பவர். சட்டமும் அவருக்குத்தான் மனப்பாடம். நாலு பேர் முன்னால் நின்றாலே அவருக்கு வாய் திக்கும்.

"பெ... பெரிய மதகைத் திறக்கறதும் அடைக்கறதும் ராஜா, இல்ல ராஜா பேர்ல ஆளுநர் மட்டும் செய்யற காரியம். வேற யார் தொட்டாலும் தலை போயிடும். கூ... கூட நின்னவங்களுக்கும்தான்."

தூர் வாரும் ஆட்களில் ஒருவன் பின்னாலிருந்து சொன்னான்: "அப்ப மேஸ்திரியவே ராஜாவாக்கிட்டா என்ன? ராஜா ஒடச்சா அது குத்தம் இல்லையே."

சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஒவ்வொரு முகத்திலிருந்தும் இறங்கியது. மாமன்னர் மேற்கே போரில் இருக்கிறார். ஆளுநரின் படையும் அவரோடு போயிருக்கிறது. குளிர்காலம் முடியும்வரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க ஆள் இல்லை. அதற்குள் விதைத்துவிடலாம்.

பூசாரி உள்ளே போய், திருவிழாவில் சாமி சிலைக்கு வைக்கிற கிரீடத்தைக் கொண்டுவந்தார். ரிமூத் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். என் கண் பேசுவது அவருக்கு நன்றாகப் புரியும். புரியாத மாதிரி நிற்கவும் நன்றாக வரும். கிரீடம் காதுவரை இறங்கியது.

அரஹ்சம்னா, 6. ஏயா-முபல்லித் அரியணை ஏறிய ஆண்டு.

ராஜா என்றால் புதுப் பெயர் வேண்டுமாம். ஏயா உயிர் கொடுப்பான் என்று பொருள் வரும்படி அண்ணன் வைத்த பெயர் அது. இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஆட்சியே முடிந்துவிடும் போலிருக்கிறது.

இந்த ஊரில் கழுதையை விற்றாலும் பெண்ணைக் கட்டிக் கொடுத்தாலும் பலகையில் எழுத வேண்டும். கடைசி வரியில் நாள், மாதம், எந்த ராஜாவின் எந்த ஆண்டு என்று இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் அது பலகையே இல்லை, காய்ந்த மண். இன்று காலை அலுவலகப் பலகையின் கடைசி வரிக்கு வந்து நின்றுவிட்டேன். புதுப் பெயரை எழுதினால் ராஜத் துரோகம். எழுதாவிட்டால் புருஷத் துரோகம். நாணல் கோலைக் கீழே வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

வாசலில் அவர் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். ராஜாவான மறுநாளும் சேற்றோடுதான் வந்திருந்தார்.

"என்ன எழுதற?" என்றார்.

"உங்க தலைய எழுதறேன்."

"பத்திரமா எழுது. எனக்கு ஒண்ணுதான் இருக்கு."

எழுதினேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், இதை யார் படிக்கப்போகிறார்கள். நீர்மட்டம்: தொடை.

கிஸ்லிமு மாதம், 2. ஏயா-முபல்லித் அரியணை ஏறிய ஆண்டு.

விதைப்பு முடிந்தது. பக்கத்து ஊர்கள் இரண்டிலிருந்து ஆள் வந்து, எங்களுக்கும் நீங்களே ராஜாவாக இருங்கள் என்று கேட்டார்கள். அவர் முதலில் கேட்டது, "உங்க வாய்க்கால் கடைசியா எப்ப தூர் வாரினீங்க?" ஞாபகமில்லை என்றார்கள். போய் வாரிவிட்டு வாருங்கள், பிறகு ராஜாவைப் பற்றிப் பேசலாம் என்று அனுப்பிவிட்டார். வாரிவிட்டு வந்தார்கள்.

கோயில் முற்றத்தில் உட்கார்ந்து வழக்கு கேட்கிறார். இரண்டு தரப்பும் கத்தி முடிக்கும்வரை கேட்பார். பிறகு வயலுக்குக் கூட்டிப் போய் வரப்பைக் காட்டச் சொல்வார். வரப்பில் நின்று பொய் சொல்ல நம் ஆட்களுக்கு வராது.

மீன் வாடை கொஞ்ச நாளாக ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு இன்சப்துவிடம் புளிப்பு மாதுளை இருக்கிறதா என்று கேட்டேன். அவள் பேரீச்சங்கள் வடித்து விற்பவள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு எதிலும் சந்தேகம்தான். எனக்குப் புளிப்பு எப்போதும் பிடிக்கும்.

கிஸ்லிமு, 6. ஏயா-முபல்லித் அரியணை ஏறிய ஆண்டு.

வீட்டில் ஒரு கூடை மாதுளை இருக்கிறது. நான் அவரிடம் கேட்கவே இல்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. முன்பு இரண்டு தடவை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு அழுதிருக்கிறோம். இந்த முறை மாதுளையைச் சாப்பிடுவதோடு சரி.

கிஸ்லிமு, 19. ஏயா-முபல்லித் அரியணை ஏறிய ஆண்டு.

உடைத்த மதகை மண்ணால் அடைத்து அடைத்துத் திறப்பது போதும் என்று, சுட்ட செங்கலும் தாரும் வைத்துப் புதிதாகக் கட்டுகிறார். அடிவரிசைக்கு ராஜா பெயர் அச்சடித்த செங்கல் வேண்டுமாம். பழைய ராஜாக்கள் எல்லாரும் போட்டிருக்கிறார்களாம். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, ஆசை மட்டும் பழைய ராஜாக்கள் அளவுக்கு.

"அச்சுக் கட்டைய நீதான் வெட்டணும், நுப்தா" என்றார். "உன் பேரையும் போடு."

"ராஜா செங்கல்ல பொண்டாட்டி பேரு போட மாட்டாங்க."

"அவங்க பொண்டாட்டிங்க அச்சு வெட்டியிருக்க மாட்டாங்க."

"முடியாது. பாக்கறவங்க சிரிப்பாங்க."

அதற்கு மேல் வற்புறுத்தவில்லை, முகம் மட்டும் கொஞ்சம் சுருங்கியது. நாள் முழுக்க உட்கார்ந்து வெட்டினேன். ஏயா-முபல்லித், ராஜா. இரண்டு வரியில் முடிந்துவிட்டது. கட்டையில் இன்னும் ஒரு வரிக்கு இடம் மிச்சம் இருந்தது. மூன்று வரி இருந்தால்தான் செங்கல் பார்க்க நன்றாக இருக்கும்.

கிஸ்லிமு, 27. ஏயா-முபல்லித் அரியணை ஏறிய ஆண்டு.

செங்கல் சூளையிலிருந்து வந்தது. எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். "இதுல எது என் பேரு?" என்றார். காட்டினேன். மூன்றாவது வரியில் விரலை வைத்து, "இது?" என்றார்.

"அது பட்டம். எல்லா ராஜாவுக்கும் போடறது."

பிறகு பார்த்தால் அத்தனை செங்கலையும் எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்கிறார்கள். நாள் முழுக்க முதுகு ஒடிய வெட்டியவளுக்குக் கோபம் வராதா? கேட்டேன். மேஸ்திரிகள் அப்படித்தான் வைப்பார்களாம். "மனுஷன் படிக்கறதுக்கா பேரு போடறோம்? அடியில சாமி இருக்கு. அது படிச்சா போதும்."

சரி. சாமி சிரிக்காது.

தெபேத்து மாதம், 15. ஏயா-முபல்லித் அரியணை ஏறிய ஆண்டு.

நேற்று சந்திர கிரகணம். நிலவு முழுக்க மூடியது. ஊரே செம்புப் பாத்திரங்களைத் தட்டியது. காலையில் அண்ணன் முகம் வெளுத்து வந்தார். நிலவு இப்படி மூடினால் ஒரு ராஜா சாவார். அது எல்லாருக்கும் தெரியும். இப்போது எங்களுக்குத் தெரிந்த ராஜா ஒருவர்தான்.

பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு வழி சொன்னார்கள், பழைய வழி. ராஜாவின் இடத்தில் பதிலுக்கு ஒருவனை உட்காரவைப்பது. அவனுக்குக் கிரீடம், நாற்காலி, சாப்பாடு எல்லாம் உண்டு. ராஜாவுக்கு வர வேண்டிய கேடு ஏமாந்துபோய் அவன்மேல் இறங்கும். பிறகு அவனைக் கொன்று, கேட்டோடு சேர்த்துப் புதைத்துவிடுவார்கள். குயவர் தெருவில் மூட்டை சுமக்கிற ஊமை ஒருவன் இருக்கிறான், அவனுக்குக் கேட்க நாதி இல்லை என்றார்கள்.

ரிமூத் எழுந்து நின்றார். கிரீடம் நழுவியது, பிடித்துக்கொண்டார்.

"அவன் எங்கூட தூர் வாரினவன். நான் சாவணும்னு இருந்தா நானே சாவறேன். அதுக்கு ஆள் வெக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு பானையை உடைத்தேன், கை தவறி. பெரிய நல்லவர். நல்லவருக்கு ஒரு குடும்பம் இருப்பது எப்போதுதான் ஞாபகத்துக்கு வருமோ. ஆனால் அவர் சரி என்று சொல்லியிருந்தால் அவரோடு ஒரே வீட்டில் இருந்திருப்பேனா என்றும் தெரியவில்லை.

ஷபாத்து மாதம், 3. ஏயா-முபல்லித் அரியணை ஏறிய ஆண்டு.

பார்லி முழங்கால் உயரம். இன்சப்து தன் கிழட்டுக் கழுதையை ஒரு படகு வியாபாரியின் தலையில் கட்டிவிட்டாள். பலகை எழுதியது நான். நல்ல கழுதை என்று எழுதச் சொன்னாள். கழுதை என்று மட்டும் எழுதினேன்.

ஷபாத்து, 21. ஆண்டு: பிறகு எழுதுகிறேன்.

படகுக்காரர்கள் செய்தி கொண்டுவந்தார்கள். கிரகணம் பிடித்த மாதத்தில் மாமன்னர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். இன்றோ நாளையோ என்று இருந்து, எழுந்துவிட்டாராம். மேற்கில் போரும் முடிந்தது. படை ஆற்றோடு இறங்கி வருகிறது. கலகம் நடந்த ஊர்களை ஒவ்வொன்றாக விசாரிக்கிறார்கள். பக்கத்து மாவட்டத்தில் ராஜா என்று சொல்லிக்கொண்டவனைக் கழுவில் ஏற்றிவிட்டார்கள்.

"ஓடிப்போங்க" என்றேன்.

"நான் ஓடினா ஊர எரிப்பாங்க. நானே போய் நிக்கறேன்."

கத்தினேன். நான் கத்தியது இன்சப்து வீடுவரை கேட்டிருக்கும். எனக்காக என்று சொல்லவில்லை. யாருக்காக என்றும் சொல்லவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஷபாத்து, 24. ஆண்டு: கிடையாது.

அவரைத் தனியாகப் போய் நிற்க ஊர் விடவில்லை. முதலில் சொன்னது இன்சப்து. "உங்க பேர்ல எழுதின பலகை எங்க எல்லார் வீட்லயும் இருக்கு. உங்களுக்குக் கழுன்னா எங்களுக்கு என்ன, கல்யாணமா? ராஜாவே இல்லன்னு சாதிச்சிருவோம்."

அதனால் இன்று ஊரே பலகைகளை ஊறப்போட்டது. சுடாத மண்தானே. வாய்க்கால் ஓரத்தில் கூடை கூடையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். வயல் பங்கு, வீட்டு விற்பனை, மூன்று கல்யாணம், ஒரு தத்து, மதகு உடைந்ததிலிருந்து வாய்க்கால் அலுவலகம் வாங்க வராத என் நீர்மட்டப் பலகைகள். எல்லாம் கரைந்து கூழாகிவிட்டது. அதே மண்ணைப் பிசைந்து அதே பலகைகளை நானும் அண்ணனும் திரும்ப எழுதினோம், கடைசி வரியில் மாமன்னரின் ஒன்பதாம் ஆண்டு என்று. புதுக் கல்யாணப் பெண் ஒருத்தி, பலகை கரைந்தால் கல்யாணமும் கரைந்துவிடுமா என்று கேட்டாள். அவள் கேட்டது பயத்திலா ஆசையிலா என்று தெரியவில்லை.

கிரீடம் சாமி தலைக்குத் திரும்பியது. அவர் தாடியை மழித்துக்கொண்டார். தாடிக்குள் இவ்வளவு சின்ன முகம் இருந்தது மறந்தே போயிருந்தது.

எனக்கென்று எழுதிய பலகைகளை மட்டும் கரைக்கவில்லை. கரைக்க மனம் வரவில்லை. மதகின் அடிவரிசைக்குப் பின்னால் தார் பூசிய, நீர் புகாத ஒரு பொந்து இருப்பதாக ரிமூத் சொன்னார். இதுவரை எழுதியதையெல்லாம் அதில் வைத்து மூடிவிட்டார்.

அத்தாரு மாதம், 9. மாமன்னரின் ஒன்பதாம் ஆண்டு.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் படை வந்தது. தளபதி நடுத்தர வயது, கிழக்கத்திக்காரர், தூக்கமில்லாத கண். எங்கள் பேச்சு அவருக்கு வராது. கூட ஒரு மொழிபெயர்ப்பாளர், சகுனம் பார்த்துச் சொல்கிற ஒரு நிமித்தகர். ஊரை மதகுக் கரையில் நிற்கவைத்தார்கள். ரிமூத் ஆட்களோடு வாய்க்காலுக்குள் இடுப்பளவு சேற்றில் நின்று தூர் வாரிக்கொண்டிருந்தார். அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவ்வூரில் தன்னை ராஜா என்று அழைத்துக்கொண்டவன் எங்கே?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"அப்படி யாரும் இல்லீங்க" என்றார்கள் பெரியவர்கள்.

தளபதி ஒரு பலகையை எடுத்து நீட்டினார். கழுதை வாங்கிய வியாபாரியை ஆற்று வழியில் பிடித்திருக்கிறார்கள். என் கையெழுத்து. ஊரில் இருந்த அத்தனை பலகையையும் கரைத்தோம், ஊரைவிட்டுப் போன ஒன்றை மறந்துவிட்டோம். இன்சப்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏயா-முபல்லித் அரியணை ஏறிய ஆண்டு என்று எழுதியிருக்கிறது. பொய் சொன்னதற்காக, பத்தில் ஒருவனைத் தளபதி கழுவில் ஏற்றுவார். அவனைக் காட்டினால் அவன் மட்டும்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

சேற்றில் ரிமூத் மண்வெட்டியைக் கரையில் சாய்த்து வைத்ததைப் பார்த்தேன். ஏறி வரப்போகிறார். என் கண் அந்தப் பலகைக்குத் திரும்பப் போனது. கடைசி வரியில் மாதம் ஷபாத்து. கிரகணத்துக்குப் பிந்திய மாதம்.

"நான் சொல்றேன்" என்றேன். நான்தான் பேசுகிறேன் என்று எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. "ராஜா இருந்தாரு. ஆனா அவரு பதில் ராஜா. தெபேத்து மாசம் நிலவு முழுசா மூடிச்சு. மாமன்னர் உயிருக்கு ஆபத்துன்னு எங்க ஊர் வானம் பாக்கறவர் சொன்னாரு. மாமன்னரோ தூர தேசத்துல போர்ல இருக்காரு. சேதி சொல்லி அனுப்ப நேரமில்ல. எங்களால ஆனத செஞ்சோம். அவர் இடத்துல ஒருத்தர உக்கார வெச்சோம். கேடு நம்பணும்னா பலகையிலயும் அந்தப் பேர எழுதணுமில்ல?"

நிமித்தகர் முன்னால் வந்தார். "நிலவைப் பார்த்தவர் யார்?"

அண்ணனைத் தள்ளிவிட்டார்கள். போச்சு என்று நினைத்தேன். ஆனால் நிழல் எந்தப் பக்கம் தொட்டது, எந்தப் பக்கம் விட்டது, அப்போது எந்தக் கிரகம் வானத்தில் இருந்தது, காற்று எங்கிருந்து அடித்தது என்று அண்ணன் ஒரு திக்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார். நிலவைப் பற்றிப் பேசும்போது அவருக்குத் திக்காது, நான்தான் அதை மறந்திருந்தேன். நிழல் முதலில் விழுந்தது நிலவில் மாமன்னரின் கிழக்கு தேசத்துக்குரிய பக்கத்தில் என்றதும் நிமித்தகர் தளபதியின் காதில் ஏதோ சொன்னார். தளபதியின் முகம் மாறியது. மாமன்னர் படுத்ததும் எழுந்ததும் அந்த மாதத்தில்தானே. கூடாரத்துக்கு வெளியே இரவெல்லாம் காத்துக் கிடந்தவர்களில் அவரும் ஒருவராக இருந்திருப்பார்.

"பதில் ராஜா இறந்தாக வேண்டும். அவன் எங்கே?"

என் விரல் தானாக நீண்டது. "மதகுக்கு அடியில."

தளபதி வாய்க்காலுக்குள் கை காட்டினார். "மேஸ்திரி, அடிவரிசையில் ஒரு செங்கலைப் பெயர்த்துக் காட்டு."

ரிமூத் கடப்பாரையை எடுத்தார். ஒரு செங்கல் தள்ளிப் பெயர்த்தால் என் பலகைகள் வெளியே வந்து விழும், இத்தனை மாதத்துக் கதையும் என் கையெழுத்திலேயே. அவருக்கு அது தெரியும். ஓரத்துச் செங்கலில் கடப்பாரையை வைத்து, தாரை நெம்பி எடுத்தார். கழுவினார். திருப்பி மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார்.

மொழிபெயர்ப்பாளர் உரக்கப் படித்தார்: "ஏயா-முபல்லித். ராஜா. நுப்தாவின் கணவன்."

ரிமூத் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் அந்த மூன்றாவது வரியைப் பட்டம் என்று நம்பியிருந்த மனுஷன். உதடு கோணிக்கொண்டு போனது. இப்போது சிரித்துவிட்டால், அழுதுவிட்டால், எல்லாம் போய்விடும். குனிந்து முகத்தில் சேற்றுத் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டார்.

"நுப்தா யார்?"

"நான்தான்" என்றேன். குரல் உடைந்தது. அதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை.

தளபதி ரிமூத்திடம் திரும்பினார். "நீதான் புதைத்தாயா? பெயர் ஏன் கீழே பார்க்கிறது?"

"நான்தாங்க வெச்சேன். செத்தவன் பேரு மேல பாத்தா எழுந்து வந்துருவாங்க."

"எப்படிப்பட்டவன்?"

ரிமூத் கொஞ்சம் யோசித்தார். "மோசமில்லீங்க. கொஞ்சம் வாய்க்கொழுப்பு. பொண்டாட்டி பேச்சக் கேட்டதில்ல. அதான் அங்க இருக்காரு."

இன்சப்து இருமினாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இன்னும் பெயர்த்து உடலைக் காட்டு" என்றார் தளபதி.

"பேத்துக்குங்க" என்றேன். "ஆனா மாமன்னருக்கு வர இருந்த கேடு அவரோடதான் அடியில கெடக்கு. தெறந்தா எங்க போகும்னு உங்க நிமித்தகரையே கேட்டுக்குங்க. தெறந்தவர் மேலயா, இல்ல முதல்ல யாருக்குன்னு கிளம்புச்சோ அவர் மேலயா?"

மொழிபெயர்ப்பாளர் பாதி சொல்லும்போதே நிமித்தகர் இரண்டு அடி பின்னால் போய்விட்டார். தளபதி கையில் இருந்த செங்கலைப் பார்த்தார். அதைத் தொட்டதே தப்பு என்பதுபோல வேகமாக ரிமூத்திடம் கொடுத்து, வைத்துவிடு, இருந்த மாதிரியே வைத்துவிடு என்று கை காட்டினார். ரிமூத் முகம் கீழே வைத்துத் தார் பூசினார்.

பிறகு உத்தரவு வந்தது. இந்த மதகை இனி யாரும் இடிக்கக் கூடாது. யாரும் அடைக்கவும் கூடாது. அவன் எழுந்து வராமல் இருக்க, அவன்மேல் எப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆளுநரின் ஆட்களுக்கும் இது பொருந்தும்.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. எங்களால் அது எப்படி முடிந்தது என்று இப்போது யோசித்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

கிளம்பும்போது தளபதி என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாராம். மாமன்னருக்காகப் போனவனின் விதவை தனியாக நிற்கக் கூடாதாம். சுற்றும் முற்றும் பார்த்தார். சேற்றில் நின்ற மேஸ்திரி கண்ணில் பட்டார்.

"உனக்கு மனைவி இருக்கிறாளா?"

ரிமூத் என்னைப் பார்த்தார். "இப்ப இல்லீங்க" என்றார்.

"இவளை நீ ஏற்றுக்கொள். இது உத்தரவு."

"கொஞ்சம் யோசிக்கணுங்க" என்றது அந்த மனுஷன். இன்று இரவு அதற்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அத்தாரு, 10. மாமன்னரின் ஒன்பதாம் ஆண்டு.

சாம்ராஜ்யத்தின் உத்தரவுப்படி என் கணவரை மறுபடி கல்யாணம் செய்துகொண்டேன். அண்ணன் பலகை எழுதினார். தளபதியின் மொழிபெயர்ப்பாளர் சாட்சி. ரிமூத்துக்கு இப்போது ராஜ முத்திரை கிடையாது, அதற்குப் பதில் பெருவிரல் நகத்தை மண்ணில் பதித்தார். கடைசி வரி சரியான வரி. இந்தக் கல்யாணத்தை இனி யாராலும் கரைக்க முடியாது.

கூட்டம் போன பிறகு மாதுளை உரித்துக் கொடுத்தார்.

"எத்தனாவது மாசம்?" என்று கேட்டார்.

"அஞ்சு."

"நாலுன்னு நெனச்சேன்" என்றார். அழுதோம். இந்தத் தடவை அழுவதற்குப் பயப்படவில்லை.

பிறகு, "அந்த மூணாவது வரிய இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"இன்னொரு தடவை."

நிசன்னு மாதம், 1. மாமன்னரின் பத்தாம் ஆண்டு.

புத்தாண்டு. பதில் ராஜாவின் சமாதிக்கு ஊர் சார்பில் கள் ஊற்ற வேண்டியவர் மேஸ்திரிதானாம். மதகுமேல் நின்று முகத்தை மிகவும் சோகமாக வைத்துக்கொண்டு தனக்கே ஊற்றினார். குயவர் தெரு ஊமை பக்கத்தில் நின்று சிரித்த சிரிப்பில் கரை அதிர்ந்தது. பாதிக் கள் சமாதிக்குப் போகவில்லை.

ஐயாரு மாதம், 8. மாமன்னரின் பத்தாம் ஆண்டு.

அறுவடை. களத்தில் இடம் போதவில்லை. நீர்மட்டம்: இடுப்பு.

அபு மாதம், 4. என் மகள் அரியணை ஏறிய ஆண்டு.

நன்றாகக் கத்துகிறாள். நீர்மட்டம் பார்க்கப் போகவில்லை. தண்ணீர் ஓடுகிற ஓசை வீட்டுக்குள்ளேயே கேட்கிறது.